ஒரு பின் அச்சின் வரலாறு: ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அன்றாட ஓட்டமும்

விலை மலிவான, பின்சக்கர உந்துதல் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அன்றாட வண்டியாக வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா? மோட்டார் இதழ்களில் இக்கேள்வி பெரும்பாலும் 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரையோ, 2012இல் டொயோட்டாவும் சுபாருவும் கூட்டாக உருவாக்கிய காரையோ முன்வைத்தே எழுப்பப்படுகிறது. அவ்விரண்டும் இந்தியச் சந்தையில் முறைப்படி விற்கப்பட்டவை அல்ல. ஆகவே இது வசதி படைத்த நாடுகளின் கவலை, தமிழ்ச் சூழலோடு தொடர்பில்லாதது என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அது பிழை. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இயங்கிய ஒரு தொழிற்சாலை, 1961ஆம் ஆண்டிலேயே இக்கேள்வியைத் தலைகீழாகக் கேட்டது. அன்றாட வண்டியாக விற்கப்பட்ட ஒரே கார், ஓட்டுநர் விரும்பினால் ஸ்போர்ட்ஸ் காராகவும் இருந்தாக வேண்டிய காலம் அது. வேறு வழி இருக்கவில்லை.

அந்தக் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் வரலாறு வழக்கமாக உரிமக் கால இந்தியத் தொழில்துறையின் தேக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது; அல்லது பழைய கார்மீது ஏக்கம் கொண்டவர்களின் நினைவலைகளாக எழுதப்படுகிறது. இரண்டிலும் விடுபட்டுப்போவது அதன் பின் அச்சு. ஒரே வண்டி குடும்பத்தையும் சுமக்க வேண்டும், வளைவில் குதூகலத்தையும் தர வேண்டும் என்ற இரண்டு எதிர்பார்ப்புகளுக்கு இடையே நடந்த பேரம் அந்த இரும்பில்தான் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

முதலில் அதன் பிறப்பு. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1950களின் நடுவில் ஒரு புதிய சிறு காரைத் திட்டமிட்டபோது, கார்க் கூடு செய்துதரும் ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனம் போட்டியாளரான பிஎம்சியின் கைக்குப் போயிருந்தது. ஒரே கூடாக வார்க்கப்படும் நவீன உடலமைப்புக்குப் பெரிய அச்சுப்பொறிகள் தேவை. அவற்றை வைத்திருந்தவரோ இப்போது எதிரி முகாமில். ஆகவே தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு பழைய முறைக்கே திரும்பியது: கீழே தனியாக ஒரு சேசிஸ், மேலே சிறுசிறு தகடுகளாகச் செய்யப்பட்டு போல்ட்டுகளால் இணைக்கப்படும் உடல். தோற்றத்தை இத்தாலியின் டுரின் நகரைச் சேர்ந்த ஜோவான்னி மிக்கலோட்டி வரைந்தார். 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. முன்பக்கத் தகடுகள் அனைத்தும், சக்கர வளைவுகள் உட்பட, ஒரே பானட்டாக முன்னோக்கித் திறந்துகொள்ளும். மெக்கானிக் முன்சக்கரத்தின் டயர்மீதே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். திரும்பு வட்டம் ஏறத்தாழ 25 அடி. லண்டன் டாக்சிகளோடு ஒப்பிடப்பட்ட அளவு அது.

வேறு வழியின்றி எடுக்கப்பட்ட சேசிஸ் முடிவு இரண்டு எதிர்பாராத பலன்களைத் தந்தது. ஒன்று, அதே சேசிஸைச் சுருக்கினால் வேறு உடல்களை அதன்மேல் ஏற்ற முடியும். ஹெரால்டின் முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 91.5 அங்குலம், அதை 83 அங்குலமாகக் குறைத்து, 1147 சிசி எஞ்சினோடு, இரண்டு இருக்கை கொண்ட திறந்த ஸ்போர்ட்ஸ் காராக 1962இல் வெளிவந்ததுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். உலகின் மலிவான ஸ்போர்ட்ஸ் கார்களுள் பெயர்பெற்ற ஒன்று, முன்சக்கரத் தொங்கலமைப்பு, ஸ்டியரிங், பின் அச்சு ஆகியவற்றில் ஹெரால்டின் உடன்பிறப்பு என்பது இதன் பொருள். மற்றொரு பலன் இந்தியாவுக்கானது. பெரிய அச்சுப்பொறிகள் இல்லாத ஒரு தொழிற்சாலையில், போல்ட்டுகளால் பூட்டப்படும் இக்காரைப் படிப்படியாக உள்ளூர்மயமாக்குவது எளிது.

அந்தத் தொழிற்சாலை ஏற்கெனவே இருந்தது. யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனமும் 1948இல் கூட்டாகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, முதலில் வான்கார்டு காரையும், பிறகு சிறிய ஸ்டாண்டர்டு கார்களையும் செய்தது. 1953இல் சுங்கத்தீர்வை ஆணையம் உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத, வெறும் உதிரிகளைப் பூட்டி விற்கும் நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்ற நிலையை உருவாக்கிய பிறகு, ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் இந்தியாவைவிட்டுப் போயின. சாலையில் பெயர் சொல்லும்படி மிஞ்சிய கார்த் தயாரிப்பாளர்கள் மூவர்: கல்கத்தாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. 1961 முதல் ஹெரால்டு, 948 சிசி எஞ்சினோடு சென்னையில் தயாரானது. இங்கிலாந்தில் அதே ஆண்டில் 1147 சிசி எஞ்சின் வந்துவிட்டது. இந்தியாவிலோ சிறிய எஞ்சினே கடைசிவரை நீடித்தது. இந்த இடைவெளியில் உரிமக் காலத்தின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

பின்சக்கர உந்துதல் அன்று ஒரு சிறப்பே அல்ல என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அம்பாசடர், ஃபியட் 1100, ஹெரால்டு மூன்றுமே எஞ்சினை முன்னே வைத்து, பின்சக்கரங்களைச் சுழற்றியவை. இன்று அச்சொல் விளம்பரத்தில் பெறும் கவர்ச்சி, முன்சக்கர உந்துதல் இயல்பாகிவிட்ட பிறகு வந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் வேறுபட்ட இடம் அந்த உந்துதல் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியில்தான். அவற்றில் இரு பின்சக்கரங்களையும் ஒரே விறைப்பான குழல் அச்சு இணைத்தது. அதன்மேல் நீளவாட்டில் பட்டை ஸ்பிரிங்குகள். மாட்டுவண்டியின் இருசைப் பார்த்த எவருக்கும் விளங்கும் அமைப்பு. ஹெரால்டில் இருந்ததோ ஸ்விங் ஆக்சில்.

இந்த அமைப்பில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் ஓர் அரை அச்சு. ஒவ்வோர் அரை அச்சும் உள்முனையில் ஒரேயொரு யுனிவர்சல் ஜாயின்டைக் கீலாகக் கொண்டு மேலும் கீழும் ஆடும். குறுக்குவாட்டில் கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங் இரண்டையும் தாங்கும். ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலும் மறு சக்கரத்துக்கு அது தெரியாது, பயணம் மென்மையாகும், டிஃபரன்ஷியலின் எடை சக்கரங்களோடு சேர்ந்து குதிக்காததால் கார் தரையை நன்றாகப் பற்றும். விலை மலிவான ஒரு குடும்பக் காரில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே இயங்குவது 1959இல் பெருமைக்குரிய செய்தி.

குறையும் அதே கீலில்தான் இருந்தது. சக்கரம் அரை அச்சின் முனையில் செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருப்பதால், அச்சு சாயும்போது சக்கரமும் கூடவே சாயும். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, டிக்கியில் மூட்டையும் ஏறினால் கார் பின்னால் தாழும். சக்கரங்கள் கால்களை அகட்டி நிற்பவனைப் போல விரியும். டயர்களின் உள்விளிம்பு மட்டும் தரையில் உராய்ந்து தேயும். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது பின்புறம் உயர்ந்து சக்கரங்களின் அடிப்பகுதி உள்நோக்கி ஒடுங்கும். அந்நிலையில் வேகமாக ஒரு வளைவில் நுழைந்து, நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னே பாயும், பின்புறம் மேலும் எழும்பும், வெளிப்புறச் சக்கரம் உடலுக்குக் கீழே மடிய முயலும். பிடிமானம் திடீரெனக் குறைந்து கார் பின்பக்கமாக வழுக்கித் திரும்பும். அமெரிக்காவில் செவ்ரோலே கோர்வேர் காரின் தொடக்ககால ஸ்விங் ஆக்சிலை ரால்ஃப் நேடர் 1965இல் தம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே கடுமையாகச் சாடியது இந்தக் காரணத்தால்தான். கோர்வேரில் எஞ்சினே பின்னால் இருந்ததால் ஆபத்து பன்மடங்கு. முன் எஞ்சின் கொண்ட ஹெரால்டு அவ்வளவு கொடியதல்ல. ஆனாலும் பௌதிகம் ஒன்றே.

இங்கே ஒரு விசித்திரம் கவனிக்கத்தக்கது. குடும்பத்தோடு செல்பவனுக்கும் தனியே ஓட்டுபவனுக்கும் இந்த அச்சு நேரெதிரான துன்பங்களைத் தந்தது. சுமை ஏறிய ஹெரால்டு வளைவில் உறுதியாக நிற்கும். டயரையும் ஸ்பிரிங்கையும் ஜாயின்டையும் தின்னும். சுமையற்ற ஹெரால்டு எதையும் தின்னாது. வளைவில் மட்டும் நம்பிக்கை துரோகம் செய்யும்.

கேரள எல்லையை ஒட்டிய தமிழ்ப் பகுதிகளின் சாலைகளை வைத்து இதை எளிதில் விளக்கலாம். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கும் பெருமாட்டியும் அதைச் சூழ்ந்த சித்தூர் வட்டமும் 1949 வரை கொச்சி அரசுக்கு உட்பட்டவை. அருகிலிருந்த பாலக்காடோ மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1956இல் இரண்டும் கேரளத்துக்குள் வந்த பின்னும், சந்தைக்கும் மருத்துவத்துக்கும் துணிமணிக்கும் இப்பகுதித் தமிழர் கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போவது தொடர்ந்தது. சமவெளி, நேரான சாலை, காரில் ஆட்களும் தேங்காயும். இத்தகைய ஓட்டத்தில் ஸ்விங் ஆக்சிலின் குறை, தேய்ந்த டயராகவும் தொய்ந்த ஸ்பிரிங்காகவும் மட்டுமே வெளிப்படும். இதே எல்லையில் தெற்கு நோக்கிப் போனால், உடுமலையிலிருந்து மறையூருக்கும் மூணாறுக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஏறும் கொண்டைஊசி வளைவுகள். இறங்குமுகத்தில் எடை இயல்பாகவே முன்னே சாய்ந்திருக்கும். ஒரு கையசைவில் அந்த அச்சின் மறுமுகம் தெரிந்துவிடும். ஒரே கார், இருநூறு கிலோமீட்டருக்குள், இரண்டு வேறு கார்கள்.

அன்றாட வாழ்வில் ஹெரால்டை வைத்திருப்பது வேறு பல சிறு உடன்படிக்கைகளையும் கோரியது. அம்பாசடருக்கு 15 அங்குலச் சக்கரம், ஃபியட்டுக்கு 14, ஹெரால்டுக்கு 13. குழியான சாலையில் இந்த வேறுபாட்டைக் காரின் அடிவயிறு உணரும். முதலில் வந்த மாதிரிகளுக்கு இரண்டே கதவுகள். முன்னிருக்கையை மடித்துவிட்டு, புடவை கட்டிய மூதாட்டி ஒருவரைப் பின்னிருக்கைக்கு ஏற்றுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு 1960களின் இறுதியில் சென்னையில் உருவாயிற்று. மிக்கலோட்டி வரைந்த கோட்டில் கைவைத்து இரண்டு கதவுகளைக் கூட்டியது தமிழக, பரவலாக இந்திய, கூட்டுக்குடும்பம்தான். கியர்த்தண்டு மட்டும் ஓட்டுநரின் பக்கம் நின்றது. மற்ற இரு கார்களிலும் அது ஸ்டியரிங் தண்டில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஹெரால்டில் தரையிலிருந்து எழுந்தது. இளைஞர்கள் அதை ஸ்போர்ட்ஸ் கார் என நினைக்க அது ஒன்றே போதுமாயிருந்தது.

பட்டறையில் இன்னொரு சிக்கல். முன்சக்கரத் தொங்கலின் கீழ்முனையில் டிரன்னியன் எனப்படும் வெண்கல மரை ஒன்று உண்டு; ஸ்டியரிங் திரும்பும்போது அதனுள் இரும்புத் தண்டு திருகிச் சுழலும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. கிரீஸ் அடித்தால் அது மரையின் உட்பகுதிவரை இறங்காது, தண்ணீர் புகும், தண்டு துருவேறி ஒருநாள் முறியும், சக்கரம் சாய்ந்துவிடும். லாரியிலிருந்து மாட்டுவண்டிவரை எல்லாவற்றுக்கும் கிரீஸையே தீர்வாக அறிந்திருந்த பட்டறைப் பழக்கத்துக்கு இவ்விதி அந்நியமானது. ஹெரால்டு 'மென்மையான வண்டி', 'இந்தியச் சாலைக்கு ஒவ்வாதது' என்ற பேச்சில் பாதி, வடிவமைப்புக்கும் பராமரிப்புப் பழக்கத்துக்கும் இடையே இருந்த இவ்வகைப் பிணக்கிலிருந்து பிறந்தது என்று கருத இடமுண்டு. டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில், தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்பிலிருந்து தொடங்காமல் பயன்பாட்டிலிருந்தும் பழுதுபார்ப்பிலிருந்தும் எழுத வேண்டும் என்று வாதிட்டார். ஹெரால்டின் டிரன்னியன் அவ்வாதத்துக்கு நல்ல சான்று.

இவ்வளவு இடர்களோடு யார் இதை விரும்பினார்கள்? சோழவரம் இதற்கு விடை சொல்லும். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. மன்னர் குடும்பத்தாரின் இறக்குமதிக் கார்களும், இலங்கையிலிருந்து வந்த ஓட்டுநர்களும் அங்கே புகழ்பெற்றனர். ஆனால் களத்தை நிரப்பியவை ஃபியட், ஹெரால்டு போன்ற சாதாரண வண்டிகளே. இறக்குமதி ஏறக்குறைய மூடப்பட்டிருந்ததால், நடுத்தர வசதியுள்ள ஓர் இளைஞன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைத்தால் அவனுக்குக் கடையே இல்லை. இருந்த காரின் சிலிண்டர் ஹெட்டைச் சீவி அமுக்கத்தைக் கூட்டுவது, காற்றுப் பாதைகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது, புகைக்குழாயைப் புதிதாக வளைப்பது, பின்னிருக்கையைக் கழற்றிவிடுவது ஆகியவைதாம் அவன் செய்யக்கூடியவை. பந்தயம் முடிந்ததும் இருக்கையைத் திரும்பப் பூட்டிக்கொண்டு அதே வண்டியில் வீடு திரும்புவது அக்கால அமெச்சூர் பந்தய உலகின் பரவலான வழக்கம். திங்கட்கிழமை அது அலுவலகம் போகும்.

சோழவரத்தின் தட்டையான கான்கிரீட்டில் ஹெரால்டின் சேசிஸ் தன் குடிப்பிறப்பைக் காட்டியது. கூர்மையான ஸ்டியரிங், குறைந்த எடை, தனித்து இயங்கும் பின்சக்கரங்கள்: ஸ்பிட்ஃபயருக்கு வாய்த்தவை எல்லாம் இதற்கும் உண்டு, எஞ்சின் வலிமையைத் தவிர. மலைச்சாலையில் குற்றமாக எண்ணப்பட்ட அந்தப் பின்வழுக்கல், அகன்ற ஓடுதளத்தில், எண்ணெய் டிரம்மைச் சுற்றித் திரும்பத் தெரிந்தவன் கையில் ஒரு கருவி. வரலாற்றாய்வாளர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: ஓர் இயந்திரத்தின் குணம் குறையா நிறையா என்பதை அது ஓடும் இடமும் அதில் ஏறியிருப்பவர்களின் எண்ணிக்கையும் முடிவுசெய்கின்றன.

1970 வாக்கில் இரு நாடுகளிலும் இந்த அச்சுக்குத் தீர்வு தேட வேண்டிய நெருக்கடி முற்றியது. இங்கிருந்து இரண்டு பாதைகளும் பிரிவதே இவ்வரலாற்றின் மையம்.

இங்கிலாந்தில், 1970இன் இறுதியில் வந்த நான்காம் வடிவ ஸ்பிட்ஃபயர் ஸ்விங் ஆக்சிலைக் கைவிடவில்லை. குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கின் தகடுகளில் அடித்தகட்டைத் தவிர மற்றவை டிஃபரன்ஷியல்மேல் இறுகப் பூட்டப்படாமல், நடுவில் ஒரு கீல்போல அசையும்படி விடப்பட்டன. கார் வளைவில் சாயும்போது ஸ்பிரிங்கும் கூடவே சாய்ந்துகொடுக்கும். வெளிப்புறச் சக்கரம் மடியும் தூண்டுதல் பெருமளவு குறையும். மிகக் குறைந்த செலவில், ஓட்டும் சுகத்தைக் காத்துக்கொண்டே ஆபத்தைத் தணித்த தீர்வு. பெரிய எஞ்சின் கொண்ட ஜிடி6 காருக்கு 1968இலேயே இதைவிட விலையுயர்ந்த வேறொரு திருத்தம் கிடைத்திருந்தது.

சென்னையில் 1972இல் ஹெரால்டின் இடத்துக்கு கஸல் வந்தது. ஓடும் மானின் பெயர் சூட்டப்பட்ட அக்கார், ஹெரால்டின் நான்கு கதவு உடலையே முன்னும் பின்னும் மாற்றியமைத்தது. எஞ்சின் அதே 948 சிசி. ஆனால் அடியில் ஸ்விங் ஆக்சில் இல்லை. அம்பாசடரையும் ஃபியட்டையும் போன்ற விறைப்பான குழல் அச்சு அதன் இடத்தைப் பிடித்தது. வாங்குவோரும் மெக்கானிக்குகளும் பழைய அச்சின்மீது கொண்டிருந்த அதிருப்தியே காரணம். பொறியியல் பாடநூல்களின்படி இது ஒரு பின்னடைவு: தனித்தியங்கும் அமைப்பிலிருந்து பழைய இருசுக்குத் திரும்புதல். அன்றாடப் பயன்பாட்டின் கணக்கில் இது முன்னேற்றம்: ஐவர் ஏறினாலும் சக்கரம் சாயாது, டயர் ஒருச்சாய்வாகத் தேயாது, எந்த ஊர்ப் பட்டறையும் கைவைக்கும். இங்கிலாந்தின் பொறியாளர்கள் தனியே ஓட்டுபவனின் குறையைத் தீர்த்தார்கள். சென்னையின் பொறியாளர்கள் குடும்பத்தின் குறையைத் தீர்த்தார்கள். அந்தத் தேர்வோடு ஹெரால்டுக்குள் ஒளிந்திருந்த ஸ்போர்ட்ஸ் கார் போய்விட்டது. இதை வெறும் தொழில்நுட்ப வறுமை என்று எழுதுவோர் உண்டு. அது அநியாயமான மதிப்பீடு. யாருக்காக ஒரு வண்டி செய்யப்படுகிறது என்ற கேள்விக்கு கஸல் நேர்மையாகவே விடை சொன்னது.

விடை சரியாக இருந்தும் காலம் சரியில்லை. 1969இல் மூன்று நிறுவனங்களின் கார்களுக்கும் அரசே விலை விதித்திருந்தது. அதைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வழக்கு ஓய்ந்த பின் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் விலை ஏற, இந்தியாவில் கார் விற்பனை சரிந்தது. மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட கஸல் 1970கள் முடிவதற்குள் மறைந்தது; நிறுவனம் ஸ்டாண்டர்டு 20 என்ற வேனை நம்பி நாள் தள்ளியது.

1985இல் அதே வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. இது ரோவர் எஸ்டி1 காரின் இந்திய வடிவம். மூலக் கார் 1977இன் ஐரோப்பியச் சிறந்த கார் விருதைப் பெற்றது. அதன் எட்டு சிலிண்டர் வடிவம் பிரிட்டிஷ் காவல்துறையின் துரத்தல் வாகனம். இந்தியக் காரிலோ, வேனுக்குப் பயன்பட்டுவந்த பழைய வான்கார்டு வழிவந்த 1991 சிசி எஞ்சின். இந்தியச் சாலைக்காக உயர்த்தப்பட்ட அடிப்பகுதி. செல்வந்தர் மட்டும் எட்டக்கூடிய விலை. தோற்றம் பாய்வதுபோல இருந்தது, பாய்ச்சல் இல்லை. ஹெரால்டு அன்றாட உடைக்குள் ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பை மறைத்து வைத்திருந்தது என்றால், ஸ்டாண்டர்டு 2000 வேகக் காரின் உடைக்குள் வேனின் இதயத்தை வைத்திருந்தது. 1988 வாக்கில் அதுவும் நின்றது.

அதற்குள் சந்தை மாறியிருந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முன்சக்கர உந்துதலை இந்தியத் தெருக்களில் இயல்பாக்கியது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்னால் குறுக்கே கிடந்ததால் பின்னால் நீளும் தண்டு இல்லை, பின் அச்சின் பாரம் இல்லை. சிறிய உடலுக்குள் நால்வருக்கு இடம் கிடைத்தது. பெங்களூரின் சிபானி நிறுவனம் 1982 முதல் செய்த டால்ஃபின், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனின் வழிவந்த, ஃபைபர்கிளாஸ் உடல் கொண்ட எடைகுறைந்த பின்சக்கர உந்துதல் கார், பந்தயக்காரர்களுக்கு உவப்பானது. ஆனால் மாருதிக்கு எதிரே அதனால் நிற்க முடியவில்லை. பின்னாளில், 1990களின் இறுதியில், கோவாவின் சான் நிறுவனம் ஃபைபர்கிளாஸ் உடலோடு இரண்டு இருக்கைத் திறந்த காரொன்றை, சான் ஸ்டார்ம் என்ற பெயரில், வெளியிட்டது. இந்தியாவில் செய்யப்பட்ட மலிவான ஸ்போர்ட்ஸ் கார் என்று அது பேசப்பட்டது. அதுவும் முன்சக்கர உந்துதலே. (மலிவு, பின்சக்கர உந்துதல், அன்றாடம் ஆகிய மூன்று நிபந்தனைகளையும் அடுத்த பத்தாண்டில் ஒருசேர நிறைவேற்றியது 2009இன் டாட்டா நானோ. அதை ஸ்போர்ட்ஸ் கார் என அழைக்கும் துணிவு யாருக்கும் வரவில்லை.)

ஹெரால்டு விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் தமிழகம் எப்படி நிரப்பிக்கொண்டது என்பதைக் காண வண்டலூரை விட்டுக் கோவைக்கு வர வேண்டும். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவரும் சோழவரத்தில் ஓட்டியவருமான எஸ். கரிவரதன், 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். மாருதி 800இன் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் எடுத்து, குழாய்ச் சட்டகத்தில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். தெருவில் முன்சக்கரங்களை இழுத்துக்கொண்டிருந்த அதே எஞ்சின் இங்கே பின்சக்கரங்களை உந்தியது. உதிரிகள் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால் செலவு குறைவு; பணக்காரர் விளையாட்டாக இருந்த பந்தயத்துக்குள் ஓர் இளந்தலைமுறை நுழைய அது வழிதிறந்தது. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் அமைந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது.

ஃபார்முலா மாருதியில் கதவு இல்லை, டிக்கி இல்லை, பதிவெண் இல்லை. பந்தயத்துக்கு அது லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது; அதை ஓட்டியவர் வேறொரு காரில், பெரும்பாலும் மாருதியில், வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னிருக்கையைக் கழற்றித் திங்கட்கிழமை பூட்டும் வேலை யாருக்கும் மிச்சமிருக்கவில்லை.